கேள்விக்குறி இல்லாத கை

சிலேட்டுமேட்டில் குழி சரிந்த ஒன்பதாம் நாள் காலையில், சரிந்த கல்லையே பிளந்துகொண்டிருந்த எல்லம்மாளுக்குத் தன் வீட்டுக்காரனின் குதிகால் கிடைத்தது. குதிகால் என்றால் சதையும் எலும்புமாக இல்லை. இரண்டாகப் பிளந்த கறுப்புக் கல்பலகையின் உள்முகத்தில், காகிதத்தைவிட மெல்லிசாக, ஈயம் பூசியது மாதிரி, பித்தவெடிப்பு நாலும் தெரிய, வெடிப்பில் குழி சரிந்ததற்கு முந்தின ராத்திரி அவள் வைத்துவிட்ட மஞ்சள்கூட ஒரு தனிக் கறையாகத் தெரிய, ஒரு குதிகால் இருந்தது. எல்லம்மாள் கத்தவில்லை. உளியைக் கீழே வைத்துவிட்டு, முந்தானையால் கல்லைத் துடைத்து, எதிரே உட்கார்ந்திருந்தவளிடம், "தோ பாரு, எங்கூட்டுக்காரரு வந்துட்டாரு" என்றாள். எதிரே இருந்தவளும் எட்டிப் பார்த்துவிட்டு, ஆமாம், சாமுடி அண்ணன் கால்தான் என்றாள். அப்போது கூழ் குடிக்கிற நேரம் என்பதால் நாங்கள் கூழைக் குடித்துவிட்டு வந்து பார்த்தோம்.

எங்கள் ஊரில் ஆண்கள் குழிக்குள் இறங்கிக் கல் வெட்டுவார்கள், பெண்கள் மேலே களத்தில் உட்கார்ந்து அதைப் பலகை பலகையாகப் பிளப்பார்கள். ஒரு காலத்தில் பள்ளிக்கூடச் சிலேட்டுக்குப் போன கல் இப்போது எங்கெங்கோ இருக்கிற பங்களாக்களின் சுவருக்கும் தரைக்கும் போகிறது. பிளப்பது ஒருத்தியால் ஆகிற வேலை இல்லை. கல்லை நடுவில் நிறுத்தி இரண்டு பேர் எதிரெதிரே உட்கார வேண்டும், ஒருத்தி உளி பிடிக்க, ஒருத்தி சுத்தியால் தட்ட, கல் வாயைத் திறந்து இந்தப் பக்கம் பாதி அந்தப் பக்கம் பாதியாக விழும். தன் பக்கம் விழுந்த பாதி தனக்கு. அதைத் தன் குவியலில் போட்டுவிட வேண்டியதுதான், எதிராளியின் பாதியைத் தொடக்கூடாது, அவள் கூடப்பிறந்தவளாகவே இருந்தாலும் சரி. குவியல் கலந்துபோனதால் பேச்சுவார்த்தை நின்றுபோன குடும்பங்கள் எங்கள் தெருவில் இன்றும் இருக்கின்றன, கல்யாணம் காரியத்துக்குக்கூட ஒன்றின் வாசலை ஒன்று மிதிப்பதில்லை.

குழி சரிந்த அன்று பதினோரு பேர் உள்ளே இருந்தார்கள். மதியச் சோற்றைத் தூக்குச்சட்டியில் எடுத்துக்கொண்டு இறங்கி அரைமணிகூட ஆகவில்லை, மலையின் முகம் அப்படியே உட்கார்ந்துவிட்டது. மெஷின் வந்து நாலு நாள் தோண்டியது. நாலு நாளும் ஊரே வாயைப் பொத்திக்கொண்டு காது கொடுத்து நின்றது; உள்ளிருந்து ஒரு முனகல் இல்லை. ஐந்தாம் நாள் தாசில்தார் வந்து, இதற்குமேல் தோண்டினால் மேலே இருப்பதும் கீழே வரும் என்று சொல்லி மெஷினை அனுப்பிவிட்டார். குழியைக் குத்தகைக்கு எடுத்த லீஸ்காரர் இருக்கிறாரே, அவர் கெட்டவரும் இல்லை, நல்லவரும் இல்லை, தோண்டிப் போட்டது நல்ல கல்லாக இருப்பதைப் பார்த்துவிட்டு, "சும்மா கெடக்குற கல்லுதானே, பொளந்தா அடுப்பு எரியும்" என்றார். புருஷனைத் தின்ற கல்லை ஒன்பதாம் நாளே பிளக்க உட்கார்ந்தவர்கள் என்று எங்களைப் பற்றி வெளியூரில் பேசுகிறார்கள். பேசட்டும். அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் அன்றைக்குச் சாப்பிட்டிருந்தன.

குதிகாலுக்கு மறுநாள் வரதம்மாளுக்கு ஒரு சாண் முதுகு கிடைத்தது, அதற்கு மறுநாள் நவநீதத்துக்கு ஒரு காதும் அதைச் சுற்றி நாலு நரைமுடியும் கிடைத்தன, அப்புறம் முழங்கால், அப்புறம் தோளில் அம்மைகுத்தின தழும்பு, அப்புறம் கடுக்கன் இல்லாத இன்னொரு காது. முழுசாக யாரும் வரவில்லை. நேராகப் பார்த்தால் வெறும் கல். கல்லைச் சாய்த்து வெளிச்சத்தைப் பக்கவாட்டில் வாங்கினால்தான் ஆள் தெரிவார். டி.வி.க்காரர்கள் இரண்டு வண்டியில் வந்து, கேமராவுக்கு ஒன்றும் பிடிபடாமல், எங்களுக்குப் பைத்தியம் என்று முடிவுகட்டி, இளநீர் குடித்துவிட்டுப் போனார்கள். பூசாரிக்கும் சர்ச்சுக்காரருக்கும் இதை எரிப்பதா புதைப்பதா என்று இரண்டு நாள் வாக்குவாதம் நடந்தது. கல் எரியாது என்று கடைசியில் பூசாரியே ஒத்துக்கொண்டார். ஆதார் ஆபீசிலிருந்து ஒருவர் மெஷினோடு வந்து, கல்லில் இருந்த ஒரு கட்டைவிரலை அதில் வைத்து அழுத்திப் பார்த்துவிட்டு, "ரேகை தேஞ்சிருக்கு, அப்டேட் பண்ணணும்" என்று எழுதிக்கொண்டு போனார். பெரிய துண்டு கிடைத்தவளுக்குக் குழாயடியில் வழிவிட்டார்கள், காது மட்டும் கிடைத்தவள் கொஞ்சம் தள்ளியே நின்றாள். பதினைந்து நாளில் எங்களுக்கு இதெல்லாம் பழகிவிட்டது.

ஆனால் தாசில்தாருக்குத் துண்டு போதாது. இது இன்னார்தான் என்று விவரம் தெரிந்த ஒருவர் கையெழுத்துப் போட்டால்தான் இறந்தவர் பட்டியலில் ஏற்றுவேன், பதினோரு பேரும் ஏறின பிறகுதான் குழியை மறுபடி திறக்க விடுவேன் என்றார். விவரம் தெரிந்தவர் என்று எங்கள் ஊரில் இருந்தது ஒரே ஆள், லென்ஸ் மேடம்.

அவருடைய முழுப்பெயர் டாக்டர் மங்கையர்க்கரசி. அதை யார் முழுசாகச் சொல்வது? மூன்று வருஷமாக ரேஷன் கடைக்கு மாடியில் வாடகைக்கு இருந்தார், கழுத்தில் எப்போதும் லென்ஸ் தொங்கும். எங்கள் கல்லில் ரம்பத்தால் இழுத்தது மாதிரி நகத்தளவு கீறல்கள் வரும், நாங்கள் ரம்பக்கீறல் என்போம், கீறல் விழுந்த கல்லை ஒதுக்கிவிடுவோம். மேடம் அதைத்தான் பொறுக்குவார். அது கீறலே இல்லை, கிராப்டோலைட் என்ற உயிர், நாற்பத்துநாலு கோடி வருஷத்துக்கு முன்னால் இந்த இடம் கடலாக இருந்தபோது மிதந்தது, ஒவ்வொரு பல்லும் ஒரு கிண்ணம், ஒவ்வொரு கிண்ணத்திலும் ஒரு ஜீவன் குடியிருந்தது என்று சொல்வார். லைன் வீட்டில் நாம் இருக்கவில்லையா என்று நாங்களும் கேட்டுக்கொள்வோம். அதுவும் ஒருநாளும் முழுசாகக் கிடைக்காது, உடைசல்தான். அந்த உடைசலை வைத்துக்கொண்டு சென்டிமீட்டருக்கு எத்தனை பல், பல் எவ்வளவு சாய்வு, தண்டு எவ்வளவு அகலம் என்று அளந்து, படம் வரைந்து, இது இன்ன இனம் என்று எழுதுவார். சந்தேகம் இருந்தால் பெயருக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போடுவார். அது அவர்கள் தொழிலில் மரியாதையாம். சந்தேகத்தை மறைத்து எழுதுகிறவனைத்தான் அங்கே மதிக்க மாட்டார்களாம்.

துண்டு கிடைத்த பெண்கள் எல்லோரும் கல்லைத் தூக்கிக்கொண்டு மாடியேறியபோது மேடம் முதலில் மறுத்தார். "நான் பூச்சியப் பாக்கறவம்மா. மனுஷங்களப் பாக்கத் தெரியாது."

"நகத்தளவு துண்ட வெச்சினு கோடி வருஷத்துக்கு முன்னாடி செத்தத்துக்கு நீ பேர் வெக்கற" என்றாள் வரதம்மாள். "எம்புருஷன் செத்து பன்னெண்டு நாளு. முதுகு ஒரு சாண் கீது. இதுக்கு ஒரு பேர் சொல்ல மாட்டியா?"

மேடம் கல்லைக் கையில் வாங்கிக்கொண்டார். அன்றிலிருந்து மேசையை மொட்டைமாடிக்குக் கொண்டுவந்து போட்டு உட்கார்ந்தார். வெயில் பட்ட மூன்றாம் நாள் உருவம் மங்கிவிடும் என்பதால் சோறு தண்ணி பார்க்கவில்லை. தூரிகையால் ஸ்பிரிட் தொட்டு நனைத்துப் பார்ப்பார், அளப்பார், மேலே டிரேசிங் தாளை வைத்து ஒரு கோடு விடாமல் வரைந்துகொள்வார், பிறகு அந்தப் பெண்ணை எதிரே உட்காரவைத்து, அவர் முதுகில் மச்சம் உண்டா, எந்தத் தோள் இறக்கம், எந்தக் காது பெரிசு என்று கேட்பார். இருபது வருஷம் குடும்பம் நடத்தினவர்கள் புருஷனின் காது எப்படி இருக்கும் என்று தெரியாமல் முழித்தார்கள். நவநீதம் அந்த இடத்திலேயே, "இத்தினி வருசம் நான் அந்த மனுசன பாக்கவே இல்லியே" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அவள் அழுததை எங்களால் பார்க்க முடியவில்லை.

இரண்டு விஷயத்தில் மேடம் பிடிவாதமாக இருந்தார். முதல் விஷயம், பிளந்த கல்லின் இரண்டு பாதியையும் சேர்த்துச் சணலால் கட்டிக் கொண்டுவர வேண்டும் என்பது. ரம்பக்கீறலை அவர் அப்படித்தான் ஜோடி பிரியாமல் வைத்திருப்பார். ஒரு பாதியில் உயிரின் உடம்பு ஒட்டியிருக்கும், இன்னொரு பாதியில் அதன் அச்சு லேசாகப் பதிந்திருக்கும், ஜோடி பிரிந்தால் ஒன்றை இரண்டாக எண்ணிவிடுவோம் என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டார். எங்கள் பெண்கள் கேட்கவில்லை. "எங்கூட்டுக்காரர எதுக்கும்மா இன்னொருத்தி பாதியோட கட்டணும்?" என்றாள் எல்லம்மாள். எதிர்ப்பாதி எதிராளியின் குவியல், அதை எப்படித் தொடுவது? நாலைந்து தடவை சொல்லிப் பார்த்துவிட்டு, கொண்டுவருகிற கல்லின் வேகத்தில் மேடமும் விட்டுவிட்டார். விட்டிருக்கக் கூடாது.

இரண்டாவது விஷயம், கேள்விக்குறி. பத்துப் பேருக்குச் சான்று எழுதினார், பத்திலும் பெயருக்குப் பின்னால் கேள்விக்குறி போட்டார். சாமுடி, கேள்விக்குறி. தாசில்தார் முகம் சுளித்தாலும் அதை ஏற்றுக்கொண்டார். எங்களுக்குத்தான் மனசு ஆறவில்லை. இருந்தாலும் பதினாறாம் நாள் காரியத்தைச் செய்து, பொட்டை அழித்து, கல்லைக் குப்புறப் புதைத்து, மேலே பால் ஊற்றினோம்.

பூங்காவனத்துக்குக் கிடைத்தது கை. பதினைந்தாம் நாள் அவளும் தேசம்மாளும் பிளந்த கல்லில், பூங்காவனம் பக்கம் விழுந்த பாதியில், மணிக்கட்டிலிருந்து விரல்நுனி வரை பளபளவென்று ஒரு இடதுகை இருந்தது, அதன் கட்டைவிரல் தட்டையாக நசுங்கியிருந்தது. எங்கள் ஊர் ஆண்களுக்கு இடது கட்டைவிரல் அப்படித்தான் இருக்கும். இடதுகையால் உளியைப் பிடித்து வலதுகையால் அடிப்பார்கள், குறி தப்பும்போதெல்லாம் அந்த விரல்தான் வாங்கும். அதனால் அது பத்துப் பேரில் யாருடையதாகவும் இருக்கலாம். மோதிரவிரல் வளைவை வைத்து, பூங்காவனத்தின் புருஷன் கஜபதி என்று எழுதி, மேடம் கேள்விக்குறி போட்டார். தேசம்மாள் அன்றைக்குப் பூங்காவனத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். பதினெட்டு வருஷமாக எதிரெதிரே உட்கார்ந்த ஜோடி. அழுதுவிட்டுத் தன் பக்கம் விழுந்த பாதியை, அதில் ஒன்றும் தெரியாததால், தன் குவியலில் போட்டாள்.

தேசம்மாளுக்குப் பிள்ளை குட்டி இல்லை. புருஷன் துளுக்காணம் ஒருத்தன்தான். ஊரிலேயே இடதுகையால் சுத்தி பிடிக்கிறவன் அவன் ஒருத்தன்தான், பீச்சாங்கை என்றே கூப்பிடுவோம், அவனும் சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்ப்பான். மற்றவர்களுக்கெல்லாம் துண்டு கிடைத்து அவனுக்கு மட்டும் கிடைக்கவில்லை. பதினெட்டாம் நாள் வரைக்கும் அவள் தினம் ஒரு தட்டில் சோறு போட்டு மூடி வைத்தாள், காலையில் அதை எடுத்துக் கோழிக்குப் போட்டாள். லீஸ்காரரிலிருந்து குழாயடி வரைக்கும் எல்லோரும் அவளைப் பார்த்துக் காத்திருந்தோம். ஒரே ஒரு ஆள் குறைவதால் குழி மூடிக் கிடந்தது. இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது, சிலர் அவள் காதுபடவே, "இன்னும் எத்தினி நாளு?" என்று கேட்டோம்.

பத்தொன்பதாம் நாள் மழை பெய்தது. மழைவிட்டு ஏறுவெயில் சாய்வாக அடித்தபோது, தேசம்மாள் குவியலில் அடியிலிருந்து சரிந்து விழுந்த ஒரு பலகையில் கை தெரிந்தது. வலதுகை. கட்டைவிரல் தட்டை.

வலது கட்டைவிரல் நசுங்கின ஆள் எங்கள் ஊரில் ஒருத்தன்தான். களமே எழுந்து நின்றது. மேடம் படியிறங்கி ஓடிவந்து பார்த்தார், லென்ஸை வைத்துப் பார்த்தார், வெளிச்சத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வாங்கிப் பார்த்தார், மாடிக்குப் போய் வரைந்தார். பத்து சந்தேகத்துக்குப் பிறகு ஒரு நிச்சயம் கிடைத்தால் யாருக்குத்தான் இனிக்காது? "தேசம்மா, இதுக்குக் கேள்விக்குறி வேணாம்" என்றார். துளுக்காணம் என்று எழுதி, ஒரு புள்ளி வைத்து, கையெழுத்துப் போட்டார். பதினோரு பேரில் கேள்விக்குறி இல்லாதவன் அவன் ஒருத்தன். பெரிய துண்டு கிடைத்தவள்கூட அன்றைக்கு தேசம்மாளைப் பொறாமையாகப் பார்த்தாள்.

அவளும் பொட்டை அழித்தாள், கல்லைப் புதைத்தாள், தட்டு வைப்பதை நிறுத்தினாள். தாசில்தார் பட்டியலை முடித்தார். இருபத்தேழாம் நாள் காலை பத்து மணிக்கு வெடி வைத்துத் தொங்குகிற மலையைக் கீழே இறக்கிவிட்டுக் குழியைத் திறப்பது என்று தேதி குறித்தார்கள். நாங்கள் உளியெல்லாம் தீட்டக் கொடுத்தோம்.

இருபத்தைந்தாம் நாள் காலையில் மேடம் வரைந்த தாள்களை ஜன்னல் கம்பியில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டிருந்தார். காற்று ஒரு தாளைப் புரட்டி இன்னொன்றின்மேல் ஒட்டவைத்தது. பூங்காவனத்தின் இடதுகையும் தேசம்மாளின் வலதுகையும் கோட்டுக்குக் கோடு ஒன்றாக உட்கார்ந்தன, மணிக்கட்டில் ஓடிய விரிசல் உள்பட. மேடம் அந்தத் தாள்களைக் கழற்றாமலே படியிறங்கி வந்தார் என்று ரேஷன் கடைக்காரர் சொன்னார்.

பிறகு தேசம்மாள் வீட்டுக்குப் போனார். அவள் வாசலில் சுள்ளி ஒடித்துக்கொண்டிருந்தாள்.

"தேசம்மா, நான் தப்புப் பண்ணிட்டேன். அது உங்க வீட்டுக்காரர் கை இல்ல. பூங்காவனத்துக்குக் கிடைச்சதும் உங்களுக்குக் கிடைச்சதும் ஒரே கல்லோட ரெண்டு பாதி. அவங்ககிட்ட இருந்தது கை. உங்ககிட்ட இருந்தது அதோட அச்சு. அச்சுல இடது வலதாத் தெரியும். எனக்குத் தெரியாத விஷயம் இல்ல. நான் பாத்திருக்கணும்."

தேசம்மாள் சுள்ளியைக் கீழே போட்டாள். "அப்ப எங்கூட்டுக்காரரு?"

"அவர் இன்னும் கிடைக்கல."

"கல்லுல இல்லியா?"

"நாம பொளந்த வரைக்கும் இல்ல."

"செத்தவங்கதானேம்மா கல்லுல வராங்க?" தேசம்மாளின் முகத்தில் மெல்ல ஒரு வெளிச்சம் வந்தது, அதைப் பார்க்க மேடத்துக்குப் பயமாக இருந்தது. "கல்லுல வராதவரு சாவல."

"அப்படிச் சொல்ல முடியாதும்மா. தெரியாதுன்னுதான் சொல்ல முடியும்."

"தெரியாதுன்னா போதும்மா. எனக்கு அது போதும்" என்று சொல்லி, உள்ளே போய், குங்குமச் சிமிழைத் தேடி எடுத்து, பொட்டு வைத்துக்கொண்டு வந்தாள்.

மறுநாள் இருவரும் தாசில்தாரிடம் போனார்கள். அவர் இரண்டு தாளையும் பார்த்தார், சான்றையும் பார்த்தார். "மேடம், பத்துப் பேருக்குக் கேள்விக்குறி போட்டீங்க, நான் ஒத்துக்கிட்டேன். இதுக்கு மட்டும் போடல. சந்தேகம் இருந்தா அன்னிக்கே போட்டிருக்கணும். இப்ப நீங்களே வரைஞ்ச படத்தை நீங்களே கொண்டுவந்து காட்டுனா நான் மேல என்ன எழுதறது? கல்லைக் கொண்டாங்க." கல் மங்கிப் போயிருக்கும் என்றார் மேடம். அப்படியானால் ரெண்டும் ஒரே கல் என்று பார்த்த சாட்சியாவது வேண்டும், அதையும் ஊர்ப் பெரியவர்கள் முன்னால் சொல்லி எழுதிக் கொண்டுவந்தால் வெடியை நிறுத்துகிறேன் என்றார். நியாயமாகத்தான் பேசினார்.

சாயங்காலம் தண்ணித்தொட்டிக்குக் கீழே ஊர் கூடியது. பார்த்த சாட்சி பூங்காவனம் ஒருத்திதான். தேசம்மாள் அவள் எதிரே போய், களத்தில் உட்காருகிற மாதிரியே உட்கார்ந்தாள்.

"பூங்காவனம், அன்னிக்கு நம்ம ரெண்டு பேரும் பொளந்த கல்லுதானே? உம்பக்கம் விழுந்துது கை. எம்பக்கம் விழுந்தத நான் குவியல்ல போட்டேன். நீ பாத்தினு இருந்தியே. சொல்லுமே."

பூங்காவனம் தலையைக் குனிந்துகொண்டாள். அவள் மனசில் என்ன ஓடியது என்று எங்களுக்குத் தெரியும், அதே கணக்குத்தான் எங்கள் மனசிலும் ஓடியது. ஒரு கை இரண்டு பேருக்குப் பெயராகியிருக்கிறது என்று ஒத்துக்கொண்டால், மற்ற கல்லெல்லாம் யாருடையது? புதைத்ததைத் தோண்டச் சொல்வார்கள். கஜபதி கஜபதி இல்லை என்றும் நாளைக்கு ஒரு காற்று வந்து சொல்லும். எல்லோரும் பொட்டை வைத்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து காத்திருக்க வேண்டும். வீட்டில் அரிசி இல்லை.

"எனக்கு நெனப்பில்ல" என்றாள் பூங்காவனம். "ஒரு நாளைக்கி எத்தினி கல்லு பொளக்கறோம். எங்கூட்டுக்காரர தோண்டாதீங்க, சாமி."

"எம்மூஞ்சியப் பாத்து சொல்லு."

"நெனப்பில்ல தேசம்மா."

நாங்கள் அவ்வளவுதான் என்று எழுந்துவிட்டோம். எங்களில் பாதிப்பேருக்காவது அன்றைக்கு அவள் பொய் சொல்கிறாள் என்று தெரியும். தெரிந்துதான் எழுந்தோம்.

எங்கள் ஊரில் வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் வாட்ச்மேன் காலை எட்டு மணிக்குச் சங்கு ஊதுவார், மலைக்கு அந்தப் பக்கம் வரை கேட்கும். குழி சரிந்த பிறகும் ஒருநாள்கூடத் தவறவில்லை. வெடி வைக்கிற அன்று மட்டும் குழப்பம் வேண்டாம் என்று காலைச் சங்கை நிறுத்திவிடுவார்கள், வெடிக்கு முன்னால் ஊதுகிற சங்கு ஒன்றுதான். இருபத்தேழாம் நாள் பத்து மணிக்கு அந்தச் சங்கு எழுந்தபோது தேசம்மாள் குழி வாயை நோக்கி ஓடினாள். "அவரு உள்ள கீறாரு, அவரு உள்ள கீறாரு" என்று கத்தினாள். அவளைப் போலீஸ் பிடிக்கவில்லை. போலீஸ் தூரத்தில் நின்றிருந்தது. எல்லம்மாள் இடுப்பைப் பிடித்தாள், வரதம்மாள் ஒரு கையை, நவநீதம் ஒரு கையை, மற்றவர்கள் புடவையை, தலைமுடியை, கையில் கிடைத்ததை. மேடம் எங்களை ஒவ்வொருவராக இழுத்துப் பார்த்தார், எங்கள் பலத்துக்கு அவரால் முடியவில்லை. பூங்காவனம் மட்டும் காதைப் பொத்திக்கொண்டு மண்ணில் உட்கார்ந்திருந்தாள். மலை இறங்கியது. தூசி அடங்கிய பிறகுதான் நாங்கள் கையை எடுத்தோம், எடுத்தபோது அவள் ஓடவில்லை.

மூன்று நாள் கழித்து வெடித்த கல் களத்துக்கு வந்தது. தேசம்மாள் தன் இடத்தில் உட்கார்ந்தாள். அவளுக்கு எதிரே உட்கார யாருக்கும் துணிவில்லை. மேடம்தான் வந்து உட்கார்ந்து சுத்தியைப் பிடித்தார், அவர் அடித்த அடியில் பாதி தேசம்மாளின் விரலில் விழுந்தது, அவள் உளியை விடவில்லை. இரண்டாம் நாள் மத்தியானம், ஆள் உயரக் கல் ஒன்று அவர்களுக்கு நடுவே வாயைத் திறந்தது.

முழு ஆள். முழங்காலைக் கட்டிக்கொண்டு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான், வெறும் தூக்குச்சட்டிகள் பதினொன்றும் காலடியில் வரிசையாக இருந்தன, மேலேயிருந்து நீர் சொட்டின தடம் சட்டிக்கு நேராக இறங்கியது, கை இரண்டும் தெரிந்தன, நசுங்கியிருந்தது வலது கட்டைவிரல். வாழ்நாளெல்லாம் உடைசலையே பார்த்த மேடத்துக்கு முதல்முதலாக முழுசாக ஒன்று கிடைத்தது. அவர் அதைப் பார்க்க மாட்டேன் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். தேசம்மாள்தான் அவர் மோவாயைப் பிடித்துத் திருப்பினாள். துளுக்காணத்தின் தோளுக்குப் பக்கத்தில், உளியால் போட்ட கோடுகள் இருந்தன.

"இதெல்லாம் இன்னாம்மா?"

மேடம் லென்ஸை எடுத்தார். எண்ணினார். எண்ணிவிட்டு, அளக்காமல் ஒரு வார்த்தை எழுதாதவர், "ரெண்டு" என்றார். "ரெண்டு நாள்தான் இருந்திருக்கார், தேசம்மா. அதுக்கப்புறம் கஷ்டப்படல."

தேசம்மாள் தன் விரலைக் கல்லில் வைத்தாள். எங்கள் ஊரில் பலகையை எண்ணும்போது நாலு கோடு போட்டு ஐந்தாவதைக் குறுக்கே இழுப்போம், கட்டு என்போம். அவள் விரல் ஒரு கட்டைத் தாண்டியது, இரண்டைத் தாண்டியது, ஐந்து கட்டைத் தாண்டியது, அதற்கப்பால் ஒரு முழுக்கோட்டில் நின்றது, அதற்கப்பால் பாதியில் நின்ற ஒரு கோட்டுக்கு வந்தது.

"தெனம் எட்டு மணி சங்குக்கு ஒண்ணு போட்டினு இருந்துகிறாரு" என்றாள். "இத்த போடும்போது ஊதுனது வெடிச் சங்கு. அவருக்கு எப்டித் தெரியும்? விடிஞ்சிட்சின்னு நெனச்சிகிறாரு."

நாங்கள் அதற்குள் சுற்றி நின்றிருந்தோம். அவள் அழவும் இல்லை, எங்களைத் திட்டவும் இல்லை. எழுந்து, அந்தப் பெரிய கல்லைத் தன் தொடையில் முட்டுக்கொடுத்து நிறுத்தி, எல்லோருக்கும் தெரியும்படி வெயிலுக்குச் சாய்த்துப் பிடித்தாள். "வாங்க" என்றாள். முதலில் எல்லம்மாள் போனாள். அப்புறம் வரதம்மாள் போனாள், நவநீதம் போனாள், பூங்காவனத்தை இரண்டு பேர் தாங்கிக்கொண்டு போனார்கள், ஒருத்தர் பாக்கியில்லாமல் நாங்கள் வரிசையில் போய், குனிந்து, எண்ணிப் பார்த்துவிட்டு வந்தோம்.